வடக்கு வாசலில் அழுத ஒதிலியா

எங்கள் வாலெகெம் தேவாலயத்து மணிக்கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்குக் கோபுரம் என்றால் மேல் பகுதி. அதன் அடியில் உருளைக்கிழங்கு வறுவல் கடை போட்டுக் காலத்தை ஓட்டியவள் நான். எனக்குக் கோபுரம் என்றால் கீழ்ப் பகுதி. புறா எச்சம், பீர் குடித்தவன் வாந்தி, சுவரோரம் ஒதுங்கியவன் மூத்திரம். தினமும் காலையில் சட்டியில் மாட்டுக் கொழுப்பைச் சூடாக்குவதற்கு முன்னால் வடக்கு மூலையில் வாளி வாளியாகத் தண்ணீரை வீசி அடிப்பேன். அப்போதும் நாற்றம் போகாது. யாராவது முகத்தைச் சுளித்தால், "எங்க ஊர்ப் பாரம்பரியம் ஐயா" என்று சொல்லி வறுவலில் உப்பைத் தூவிக் கொடுப்பேன்.

அந்த மூலையில்தான், பக்கவாசலுக்கு மேலே ஒரு மாடத்தில், கல் சிலையாகப் புனித ஒதிலியா நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் கண்நோய் வந்தவர்களுக்கு அவள்தான் கதி. சுல்மாக்காவுக்கும் அவளே கதி என்று ஆனது.

சுல்மாக்கா என் கடையை ஒட்டியிருந்த ஆகீலின் பீர்க்கடையில் கோப்பை கழுவினாள். அதற்கு முன்னால் லைய ஆற்றங்கரையில் ஆளி நார் அடிக்கும் ஆலையில் வேலை. சின்னப் பெண்ணாக உள்ளே போனவள், ஆலையை மூடிய அன்றுதான் வெளியே வந்தாள். அந்த ஆலையில் தூசு என்றால் சும்மா தூசு இல்லை; எதிரில் நிற்பவள் முகம் தெரியாது. அங்கே வேலை செய்த பெண்கள் எல்லோருக்கும் கண் சிவந்துதான் இருக்கும். அவளுடைய புருஷன் கமீல் சாகும்போது விட்டுப்போனது ஒரு புறாக்கூண்டும் கொஞ்சம் கெட்ட பெயரும்தான். புறாப் பந்தய சங்கத்து ஆண்கள் கூண்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டு வந்தார்கள்.

"பொம்பள வளர்த்தா புறா பந்தயத்துக்குப் போகாது சுல்மா, சூப்புச் சட்டிக்குத்தான் போகும்" என்றானாம் ஒருவன்.

"சட்டிக்கு ஆள் வேணும்னா நீயே வந்து ஏறிக்க, கொழுப்பு நிறைய இருக்கு" என்று கதவைச் சாத்தினாள் சுல்மாக்கா.

அடுத்த கோடையில் அவளுடைய நீலப் பெட்டை, பிரான்சில் ஓர்லியான்சிலிருந்து விட்ட புறாக்களில் எங்கள் வட்டாரத்துக்கு முதலாவதாக வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவளுக்கு வாழ்க்கை என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாட்களில் கோப்பை கழுவுவாள். ஞாயிறு காலையில் கொல்லையில் பட்டாணி டப்பாவோடு நின்று தெற்கு வானத்தைப் பார்ப்பாள். புறா ஒரு புள்ளியாகத் தெரியும்போதே இது என்னுடையது என்று சொல்லிவிடுவாள். டப்பாவைக் குலுக்கி அதைக் கூண்டுக்குள் வரவழைத்து, காலில் உள்ள வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்தில் போட்டால்தான் வந்ததாகக் கணக்கு. அதில் ஒவ்வொரு நொடியும் முக்கியம். அவள் அந்தக் கண்ணை நம்பித்தான் இருந்தாள்.

அந்தக் கண்தான் கெட ஆரம்பித்தது. முதலில் அரிப்பு, பிறகு பீளை, பிறகு இடது கண்ணில் பால் கலங்கினாற்போல ஒரு படலம். ஒரு ஞாயிறு, நீலப் பெட்டை ஓட்டுக்கூரையில் வந்து உட்கார்ந்திருக்க, அவள் அது தெரியாமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரன் கத்திச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மறுநாள் என் கடை முன்னால் வந்து நின்று அழுதாள். நான் அவளை அழுது பார்த்ததே இல்லை.

"கண்ணு போச்சுன்னா கூண்ட மூட வேண்டியதுதான் பௌலா. அப்புறம் ஆகீல் கடைல எச்சக் கோப்பை கழுவுறதுக்காகவா நான் உசுரோட இருக்கணும்?"

"அக்கா, கென்ட்ல கண் டாக்டர் இருக்காரு. நானே கூட்டிட்டுப் போறேன், வாங்க."

"மணிக் கச்சேரி சீசன் முடியட்டும். ஒதிலியா எனக்காக அழறா. பாதியில விட்டுட்டுப் போனா நல்லா இருக்குமா?"

ஒதிலியா அழுதாள் என்பது பொய் இல்லை. கோடைக்காலத் திங்கட்கிழமைகளில் சாயங்காலம் கோபுரத்தில் மணிக் கச்சேரி நடக்கும். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வாசிப்பவர்கள் விருந்தாளியாக வருவார்கள். மேலே ஒரு மரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளை முஷ்டியால் குத்தியும் காலால் மிதித்தும் வாசிப்பார்கள். ஊர் முழுக்கக் கீழே நாற்காலி போட்டுக் கேட்கும், அல்லது கேட்பதுபோல் பீர் குடிக்கும். கடைசிப் பாட்டு முடிந்ததும் வாசித்தவர் மேல் விளிம்பில் வந்து வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுவார், நாங்கள் கை தட்டுவோம். அதற்குச் சற்று நேரம் கழித்து, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளிலும், ஒதிலியாவின் நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கித் தாடையில் சொட்டும். கச்சேரி இல்லாத நாளில் சொட்டாது. மணி இசையில் மனம் இளகி அழுகிறாள் என்று கிழவிகள் சொன்னார்கள். பாதிரியாரைக் கேட்டால், "நம்பிக்கை நல்லதுதானே" என்று நழுவினார். ஒதிலியாவின் தலைக்கு மேலே வந்து முடியும் பழைய ஈயக் கால்வாயில் தேங்கிய மழைத்தண்ணீர், மணி அதிர்வில் வழிகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் நாலைந்து பேர் பஞ்சோடு வந்தார்கள். மற்றவர்களுக்குச் சலித்துவிட்டது. சுல்மாக்கா மட்டும் விடவில்லை. கச்சேரி முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவாள். சுத்தமாகத் துவைத்து இஸ்திரி போட்ட கைக்குட்டையை நீட்டிச் சொட்டுகளை ஏந்தி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு அப்படியே நிற்பாள். உதடு முணுமுணுக்கும்.

பீர்க்கடை ஜன்னலோர மேஜையில் மூன்று பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். கடைக்காரன் ஆகீல், கோயில் பணியாள் ரெமி, ஊரின் மணி வாசிப்பவர் ஹிலேர். ஹிலேர் பெரிய மனிதர். முஷ்டியின் ஓரத்தில் காய்ப்புக் காய்த்த கையை எல்லோருக்கும் காட்டுவார். விருந்தாளியோடு மேலே ஏறிப் இசைத்தாளைப் புரட்டிக் கொடுப்பதும் அவர்தான். ஏறுவதற்கு முன்னால் வயிறு முட்ட பீர் குடிப்பார். கச்சேரி முடிந்து அவர் இறங்குவதற்குள் மற்ற இருவரும் ஜன்னலைத் திறந்து கத்துவார்கள்.

"ஏ சுல்மா! ஓடு, ஓடு! உங்க ஆத்தா அழ ஆரம்பிச்சுட்டா!"

"நல்லா ஒத்திக்க சுல்மா, ஒரு சொட்டுகூட வீணாக்காத! சூடா இருக்கும்போதே பிடி!"

பிறகு மேஜையில் அடித்துச் சிரிப்பார்கள். அவளுடைய பக்தியைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக் கண்டபடி திட்டியிருக்கிறேன். எங்கள் ஊர் ஆண்கள் சிரிக்கக் காரணம் எதுவும் தேவையில்லை என்பதால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அந்தக் கோடையில் ஃபெம்கெ வந்தாள். ஹாலந்துக்காரி, வடக்கே ஃப்ரீஸ்லாந்து பக்கம். நெட்டையாக, வாத்துக் கழுத்தும் தட்டையான செருப்புமாக இருந்தாள். எங்கள் கோபுரத்துக்கு விருந்தாளியாக வந்த முதல் பெண். கைப்பையில் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஹாலந்துக்காரர்கள் சொர்க்கத்துக்குப் போனாலும் கட்டுச்சோறு கொண்டுபோவார்கள். என்னிடம் ஒரு சின்னப் பொட்டலம் வறுவல் கேட்டாள்.

"மயோனைஸுக்குத் தனியா காசு உண்டா?"

"ஹாலந்துல இருந்து வர்றவங்களுக்கு அதை மோந்து பாக்கறதுக்கே காசு வாங்குவோம்மா" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளாமல் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அவள் வாசித்தது எப்படி என்று கேட்டால், வறுவல் கருகியது என்பதுதான் என் பதில். கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். கனமான மணிகளை அவள் அதட்டவே இல்லை. கூப்பிட்டாள், அவை வந்தன. சுல்மாக்காவும் ஈரக் கையோடு வாசலில் நின்று கேட்டாள். "இன்னிக்கு ஒதிலியா நிறைய அழுவா பாரு" என்றாள்.

கச்சேரி முடிந்து மேலே வெள்ளைக் கைக்குட்டை ஆடியது. நாங்கள் கை தட்டினோம். சுல்மாக்கா மூலைக்குப் போய்த் தன் கைக்குட்டையை விரித்தாள். சொட்டத் தொடங்கியது. அவள் கண்ணை ஒற்றிக்கொண்டிருக்கும்போதே கோபுரக் கதவு தடால் என்று திறந்தது. ஃபெம்கெ ஓட்டமும் நடையுமாக வந்தாள். பூங்கொத்தோடு காத்திருந்த நகராட்சிக் கவுன்சிலரைத் தாண்டி நேராக ஒதிலியாவிடம் வந்து, வழிவதைப் பார்த்தாள், சுல்மாக்காவின் கைக்குட்டையைக் குனிந்து முகர்ந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"அம்மா, அதைக் கண்ணுல வைக்காதீங்க! எடுங்க! முதல்ல கையை எடுங்க!"

"யாரும்மா நீ? எதுக்குக் கத்தற?" என்றாள் சுல்மாக்கா.

எங்கள் ஊர்க்காரி யாராவது இருந்திருந்தால், பூசி மெழுகி, வீட்டுக்கு அழைத்துப் போய், காப்பி கொடுத்து, கடைசியில் சொல்லாமலே விட்டிருப்பாள். ஹாலந்துக்காரிக்கு அந்த வித்தை தெரியாது.

"அது மூத்திரம்மா. அந்த ஹிலேரோட மூத்திரம். வாசிக்கறதுக்கு முன்னாடி கழிப்பறை எங்கன்னு கேட்டேன். வாசிக்கற கூண்டுக்குப் பின்னால இருக்கற மழைத்தண்ணிக் கால்வாயக் காட்டி, 'எல்லாரும் இதுலதான், உன்னால முடிஞ்சா நீயும் போ'ன்னு சிரிச்சாரு. இப்ப நான் கைக்குட்டை ஆட்டும்போது அவரு பின்னால போய் நின்னாரு. நான் கீழ எட்டிப் பாத்தேன். நீங்க முகத்தத் தூக்கிக்கிட்டு நிக்கறீங்க."

சட்டியில் கொதிக்கும் கொழுப்பின் வாடையே தாங்கவில்லை; எனக்கு அது சோறு போடும் வாடை. ஹிலேர் மட்டும் இல்லை. இத்தனை கோடையும் மேலே ஏறிய அத்தனை பேரும். ஜெர்மனியிலிருந்து வந்த வெள்ளைத்தாடிப் பேராசிரியர், பாரிஸிலிருந்து வந்த பட்டுக் கழுத்துப்பட்டைக்காரர், இறங்கி வந்து என் வறுவலைக் கையால் எடுத்துத் தின்றவர்கள், பெண்களின் கையை முத்தமிட்டவர்கள். அத்தனையும் அவள் கண்ணில். ஜன்னலில் அந்த இரண்டு பேரும் கத்தியது இப்போதுதான் எனக்குப் புரிந்தது. காறித் துப்பினேன். துப்பியும் வாய்க் கசப்புப் போகவில்லை.

சுல்மாக்கா கைக்குட்டையைப் பார்த்தாள். அதைக் கீழே போடவில்லை. நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு பீர்க்கடைக்குள் போனாள். நானும் ஃபெம்கெயும் பின்னால் போனோம். ஹிலேர் அதற்குள் இறங்கி வந்து நுரைத்த கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். கடை நிறையக் கூட்டம்.

"தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் சுல்மாக்கா. மூவரையும் பொதுவாகத்தான் கேட்டாள்.

ரெமி மேஜையைப் பார்த்தான். ஆகீல் தோளைக் குலுக்கினான். ஹிலேருக்கு மட்டும் வாய் இருந்தது.

"இங்க பாரு சுல்மா, முந்நூறு படி ஏறி எறங்கறவனுக்கு அவசரம் வந்தா என்ன பண்றது? நான் உன்ன வந்து மூஞ்சி கழுவிக்கச் சொன்னேனா? தமாஷா எடுத்துக்க."

நாலைந்து பேர் சிரிக்கவும் செய்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பக்கத்தில் மண்டியிடுகிறவர்கள்.

சுல்மாக்கா அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நான் தமாஷாத்தான் எடுத்துக்கறேன் ஹிலேர். ஆனா நான் நம்புனேன் பாரு, அதனால எனக்கு மட்டும் வச்சுக்க மனசு வரல. உனக்குக் கால் வீக்கம், ரெமிக்கு மூலம், ஆகீலுக்குச் சர்க்கரை. எல்லாரும் நல்லா இருக்கட்டும்னு வாராவாரம் இந்தக் கைக்குட்டைய கோப்பை அலசற தண்ணில பிழிஞ்சேன். உன் கோப்பைய மட்டும் தனியா, உள்பக்கமாத் துடைச்சேன். விளிம்பு வரைக்கும்."

ஹிலேர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பாதி குடித்திருந்தார். கன்னம் இரண்டும் உப்பின. எழுந்து ஓடியவர் வாசலைத் தாண்டவில்லை. அங்கே வந்து நின்ற கவுன்சிலரின் பூங்கொத்து மேல் குடித்ததெல்லாம் வந்தது. அவருக்குப் பின்னால் ரெமி. சிரித்த நாலைந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஓடினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் நான் கண் கொட்டாமல் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் கடையை மூடிவிட்டு சுல்மாக்காவைக் கென்டுக்கு அழைத்துப்போனேன். பேருந்தில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

"அக்கா, நெசமாவே கோப்பைய அதாலயா துடைச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். நானும் அந்தக் கடையில் குடித்திருக்கிறேன் அல்லவா?

"பைத்தியமா உனக்கு? சொட்டுறதே கொஞ்சம். அத அவனுங்களுக்குப் போய் வீணாக்குவனா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மருத்துவர் இளைஞர். விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார். கண்ணில் ஏதாவது மருந்து போட்டீர்களா என்று கேட்டார். சுல்மாக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மூத்திரம், டாக்டர். நாலஞ்சு நாட்டுக்காரங்களோடது."

அவர் பேனாவை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றார். இடது கண்ணில் புண் ஆழமாகப் போய்விட்டது; வசந்தத்திலேயே வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம். அந்த வாரமே அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது ஆகீல் அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தான். வாடிக்கையாளர்கள் அருவருப்படைகிறார்களாம். அருவருப்பு! ஹிலேரும் ரெமியும் வீட்டிலிருந்து சொந்தக் கோப்பையைக் கொண்டுவந்து குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஹிலேரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் அவர்தான் விருந்தாளியோடு மேலே ஏறினார். ஊரும் கை தட்டியது. நான் அன்று கச்சேரி முடியும்வரை கடையை மூடி வைத்தேன். அதற்குமேல் என்னால் என்ன செய்ய முடியும்?

ஒற்றைக் கண்ணோடு சுல்மாக்கா கொல்லையில் நின்று பார்த்தாள். புறா தெரிந்தது, ஆனால் அருகில் வருகிறதா தூரத்தில் இருக்கிறதா என்று பிடிபடவில்லை. பிடிக்கப் போட்ட கை காற்றைப் பிடித்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் கூண்டிலிருந்த அத்தனை புறாக்களையும் விற்றுவிட்டாள். வாங்க வந்தவர்கள் அதே சங்கத்து ஆண்கள். நீலப் பெட்டையை மட்டும் அவள் கையால் கொடுக்கவில்லை. என்னை எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குளிர்காலத்தில் கவுன்சிலர் அவள் வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு இனிக்க இனிக்கப் பேசினார். புராதனக் கோபுரம் என்பதால் மேலே குழாய் போட அனுமதி கிடைக்கவில்லையாம். ஆனாலும் நகராட்சி சும்மா இருக்கவில்லையாம். மேலே மணி வாசிக்கும் கூண்டுக்குப் பக்கத்தில் மூடி போட்ட வாளி ஒன்று வைக்கப்போகிறார்களாம்.

"கச்சேரி முடிஞ்சதும் அத யாராவது கீழ எறக்கிக் கொட்டணும். உங்களுக்கும் இப்ப வேலை இல்ல. நடந்ததுக்கு ஏதோ எங்களால ஆனது செய்யணும்னுதான் மொதல்ல உங்க பேரச் சொன்னேன். ஹிலேரும் ஒத்துக்கிட்டாரு. என்ன சொல்றீங்கம்மா?"

உபகாரம் செய்கிற முகத்தோடு பதிலுக்குக் காத்திருந்தார். நான் எழுந்து வாய்க்கு வந்ததைச் சொல்லப் போனேன். சுல்மாக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வாசல் கதவைத் திறந்துவிட்டு அவர் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்குப் போனது கண்ணு ஒண்ணுதான் ஐயா" என்றாள். "மூக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்க கெளம்புங்க."